காதுக்குப் பின்னால் மிச்சம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் குட்டியும் என் மாமியாரும் சுகம். நீயும் உன் மாமாவும் சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் கோபத்தோடு கேட்கிறேன். இரண்டு பேரும் ஒரே முகாமில் இருக்கிறீர்கள். நீ படைக்கு முடி வெட்டுகிறாய், அவர் படைக்கு லாரி ஓட்டுகிறார். உனக்குக் கிடைக்கிற பேனா அவருக்குக் கிடைக்காதா? மழை தொடங்கியபோது வந்ததுதான் அவருடைய கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. கட்டாயப் படைக்கு ஆள் எடுத்தபோது, “மச்சான் கூடவே இருக்கான், அப்புறம் என்ன பயம்?” என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் இவர்.

என் மாமியார் பழியை என் தலையில் போட்டுவிட்டார். தன் பிள்ளை எழுதாமல் இருக்கிறான் என்றால் நான் ஏதோ சுருக்கென்று எழுதியிருக்க வேண்டுமாம். நான் என்ன எழுதினேன்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதினேன். அதற்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை கூடிவிட்டது. எல்லையில் அமைதி நிலவுகிறது என்று ரேடியோ தினமும் சொல்கிறது. அமைதிக்கு இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. ரத்தம் பட்ட விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். எங்கள் ஊறல் தொட்டியைக் காலியாகப் பார்த்து எத்தனையோ வாரம் ஆகிறது. இதை நடுவில் பிரித்துப் படிக்கும் ஐயா வேண்டுமானால் இந்த வரிகளின் மேல் கறுப்பு மை பூசட்டும். கறை எடுக்கத் தெரிந்தவள்தான் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவரை எழுதச் சொல். மை பூசும் ஐயாவும் சுகமாக இருக்கட்டும்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை. குட்டிக்குப் புதுப்பல் எட்டிப் பார்த்ததா? உன் மாமியாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் கடையைப் பார்த்தால் நீ சிரிப்பாய். காலியான குண்டுப் பெட்டிதான் நாற்காலி. கண்ணாடியை மரக்கிளையில் மாட்டியிருக்கிறேன். அதில் நீளமாக ஒரு விரிசல், யார் பார்த்தாலும் முகம் இரண்டாகத் தெரியும். சவர சோப்பு வருவது நின்றுபோனதால் துணி சோப்பில் நுரை போடுகிறேன். ஆட்கள் எரிச்சலில் திட்டுகிறார்கள். காலுறை காய்வதே இல்லை. ஈரத்தோடு போட்டு ஈரத்தோடு கழற்றி எல்லோருக்கும் பாதம் வெந்துபோயிருக்கிறது. விடுப்பு கேட்டால் ‘அடுத்த மாசம்’ என்று ஒரே பதில். இங்கே சுற்றும் நாய்க்கு ‘அடுத்த மாசம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எவ்வளவு கூப்பிட்டாலும் அது வராது.

முன்னரங்குக்குக் கிளம்புகிறவனுக்கு முடி வெட்டும்போது வலது காதுக்குப் பின்னால் ஒரு கொத்தை வெட்டாமல் விடுவேன். “மிச்சத்துக்குத் திரும்பி வாடா” என்று சொல்லி அனுப்புவேன். திரும்பி வந்தவன் மண்ணோடு மண்ணாக முதலில் என் பெட்டியில்தான் வந்து உட்காருவான். நான் விளையாட்டாக ஆரம்பித்தது அது. பிறகு எதையும் நம்பாதவன்கூட, “எனக்கு மிச்சம் வச்சியா?” என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். இப்போது அதை விட்டுவிட்டேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

மாமா நன்றாக இருக்கிறார். தூரத்துக் காவல் சாவடிகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறார், எழுத நேரம் இல்லை. போன வாரம் என் பெட்டியில் உட்கார்ந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். குட்டியின் பல்லைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். நீ கவலைப்படாதே.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

இங்கே சுகம். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை தூக்கலாகவா? கல்யாணமானதிலிருந்து உன் மாமா டீயில் சர்க்கரை சேர்த்து நான் பார்த்ததில்லை. என் கையால் போட்டுக் கொடுத்த முதல் டீயையே, “இது டீயா, பாகா?” என்று கீழே வைத்தவர். பொய் சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. சொன்னால் தேவைக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவாய். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி வேண்டாமா?

என் மனதில் என்னென்னவோ ஓடுகிறது. காயமா? கை கால் போய்விட்டதா? அங்கே வேறு எவளாவது இருக்கிறாளா? கடைசியாகச் சொன்னது உண்மையாக இருந்தால்கூட எனக்கு இப்போது பரவாயில்லை. அதைச் சொல், நான் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வேலை இடுப்பை ஒடிக்கிறது. ஆஸ்பத்திரியின் பின்கட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். புத்தி கலங்கிப்போன படை ஆட்களை அங்கே அடைத்திருக்கிறார்களாம். அவர்களுடைய விரிப்பில் ரத்தம் இருக்காது, வியர்வைதான். ஓரங்களைப் பல்லால் கடித்துக் கிழித்திருப்பார்கள். கொஞ்ச நாளாக அந்த மூட்டைகளை உள்ளே யாரோ லாரிக்கட்டு போட்டு அனுப்புகிறார்கள். இழுக்க இழுக்க இறுகும். மற்ற பெண்கள் கத்தியால் அறுக்கிறார்கள், நான் நுனியைப் பிடித்துச் சுண்டினால் அவிழ்ந்துவிடுகிறது. லாரிக்காரர் பெண்டாட்டி ஆயிற்றே. எந்த வீட்டு ஓட்டுநரோ, பாவம்.

உண்மையை எழுது. எழுதும் வரை உனக்குச் சாப்பாடு செரிக்கக் கூடாது.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

சர்க்கரை விஷயம் நான் ஏதோ நினைவில் எழுதியது. மாமாவுக்கு வேறு இடத்தில் வேலை போட்டிருக்கிறார்கள். எங்கே என்று எழுத அனுமதி இல்லை. எனக்கும் எழுத நேரம் இல்லை. இப்போதெல்லாம் அதிகாரிகளைத் தவிர யாரும் என் பெட்டியில் உட்காருவதில்லை. ஆட்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொள்கிறார்கள், தலை எலி கடித்த மாதிரி இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

மருந்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல் உன் மாமியாரை.

தம்பி


மார்ச் 9

தம்பி,

சுகம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன், இரண்டு பேருக்கும் அது வெறும் மை.

ஒருத்தனும் முடி வெட்ட வரவில்லையாம், ஆனால் எழுத நேரமும் இல்லையாம். ஒரே மூச்சில் இரண்டையும் எழுத உனக்கு வெட்கமாக இல்லையா?

நேற்று வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டுப் படை அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் என்னைப் போல எத்தனையோ பெண்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பல் குத்திக்கொண்டே கேட்டான். “சாவுத் தகவல் வரலேல்ல? அப்ப வீட்டுக்குப் போய் சந்தோஷமா இருங்க.” ஜன்னல் கம்பி மட்டும் இல்லையென்றால் அந்தக் குச்சியைப் பிடுங்கி அவன் கண்ணில் குத்தியிருப்பேன்.

என் மாமியார் இப்போது என்னைத் திட்டுவதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. வாசலில் தபால்காரர் மணி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

ஒரே கேள்வி. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உயிரோடு இருக்கிறார். குட்டி மேல் ஆணை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு மேல் கேட்காதே, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். மனசாட்சியை விழுங்கிவிட்டவனுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

இது தபாலில் வரவில்லை. காயம்பட்டவர்களை உங்கள் பக்கத்திலிருந்து ஏற்றி வரும் ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கள் சலவைக்கூட வாசலில்தான் டீ குடிப்பார். அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பதிலை அவரிடமே கொடு. மை பூசும் ஐயாவுக்கு இனி நம்மிடம் வேலை இல்லை.

நேற்று பின்கட்டு மூட்டை வந்தது. என்னோடு வேலை செய்கிறவள் சும்மா கேட்டாள். “இந்தக் கட்டுல மட்டும் ஏண்டி நுனி எப்பவும் இடப்பக்கமே வருது?” பார்த்தேன். நுனி இடப்பக்கம், அதை உள்ளே ஒரு மடிப்பு மடித்துச் செருகியிருந்தது. எல்லா லாரிக்காரரும் கட்டுவார்கள், ஆனால் இடது கையால் கட்டி அப்படி மடித்துச் செருகுகிறவர் ஒருவர்தான். குட்டிக்குத் தொட்டில் கட்டிய கட்டு அது. வீடு மாறியபோது என் அலமாரியைக் கட்டிய கட்டு. என் கைக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, அதனால்தான் ஒரே சுண்டில் அவிழ்த்திருக்கிறது. மண்டைக்கு ஏறத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

ஈரக் கையோடு பின்கட்டுக்கு ஓடினேன். கதவைத் திறக்க மாட்டேன் என்றார் காவலாளி. நர்ஸ் ஒருத்தி வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனாள். “அக்கா, இங்க இருக்கறவங்களப் பத்தி வீட்டுக்குத் தகவல் போகக் கூடாதுன்னு உத்தரவு. வெளிய தெரிஞ்சா மத்த ஆளுங்களுக்கு மனசு விட்டுடுமாம்.” அடையாளம் சொன்னேன், இடது கைக்காரர், புருவத்தில் தழும்பு என்று. அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவர்களுக்கு மனசு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக என் மனசை அறுத்திருக்கிறார்கள். நான் வெளுத்த விரிப்பில்தான் அவர் படுத்திருந்தார். நடுவில் ஒரு முற்றம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் குட்டி அந்த முற்றத்தில்தான் எனக்காகக் காத்திருப்பாள். நீ எல்லாம் தெரிந்துகொண்டு எனக்குச் சர்க்கரை டீ எழுதியிருக்கிறாய்.

என்ன நடந்தது என்று முழுக்க எழுது. ஒன்றையும் மிச்சம் வைக்காதே. இல்லையென்றால் எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை.


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

எழுதுகிறேன். தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் முன்னரங்கைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். போட்டோக்காரர்களோடு வருகிறாராம். அவர் வரும் பாதையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர ஒரு லாரியும் ஆட்களும் போக வேண்டும். மாமா லாரிக்கு. நெட்டை, சோடாபுட்டி, ரேடியோ மூன்று பேரும் பாதையைப் பார்க்க. ரேடியோ என்று பெயர் வந்தது அவன் வாய் மூடாததால். மூன்று பேருக்கும் மாமாவுக்கும் முடி வெட்டி, மிச்சம் வைத்தேன்.

பிறகு பயணம் ரத்து என்றார்கள். மூன்று பேரும் தூங்கப் போய்விட்டார்கள். மாமா மட்டும், “அதான் இல்லன்னு ஆயிடுச்சே, அரிக்குது, எடுத்துடு” என்றார். எடுத்துவிட்டேன். கத்தரியைத் துடைத்து வைப்பதற்குள் மறுபடி உத்தரவு. வருகிறாராம், உடனே கிளம்பு என்று மேலதிகாரி கத்தினார். வழக்கமாகப் பாதை பார்க்கிறவர்கள் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவியோடு போவார்கள். கருவி பழுதாகிக் கிடந்தது. “கம்பியால குத்திப் பாத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அவர் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மாமா லாரியில் மெதுவாகப் பின்னால் வர, மூன்று பேரும் முன்னால் குத்திக்கொண்டே நடந்திருக்கிறார்கள். ரேடியோ வழக்கம்போலத் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே நடந்திருப்பான். கண்ணி வெடித்தது, அத்தோடு முடிந்தது. ஒருவன் பக்கத்தில் ஒருவன் போனதால் மூன்று பேரும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

மாமா தனியாகத் திரும்பி ஓட்டிவந்தார், அக்கா. பின்னால் தார்ப்பாயில் மூன்று மூட்டை. கிடைத்ததை எல்லாம் அவரே பொறுக்கி, அவரே கட்டியிருந்தார். எந்தக் கட்டு என்று உனக்குத் தெரியும். யாரையும் அவிழ்க்க விடவில்லை. நான் போய்த் தொட்டபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “உங்கக்காகிட்ட சொல்லாத. குட்டி என்ன இப்படிப் பாக்கக் கூடாது” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பெரிய மனிதர் வரவில்லை. தலைமையகத் தோட்டத்தில் மணல் மூட்டை அடுக்கி, அதற்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். அந்தப் படம் இங்கே சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்துதான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

இதைவிடக் கேவலம், ஆட்கள் பேசியது. மிச்சம் வைத்தவன் எல்லாம் போனான், முழுசாக வெட்டிக்கொண்டவன் பிழைத்தான் என்றார்கள். சொந்தக்காரனுக்கு மட்டும் நான் காப்பு போட்டு அனுப்பினேனாம். மாமா மற்றவர்களின் பங்கையும் வாங்கிக்கொண்டாராம். அதனால்தான் என் பெட்டி காலியாகக் கிடக்கிறது. கம்பியைக் கொடுத்து அனுப்பியவனை ஒருத்தனும் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரி பிடித்தவன் மேல் பழி. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நீ திட்டு. ஆனால் தம்பி இல்லை என்று மட்டும் எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு, அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடு.

உன் மேல் கோபம் தீரவில்லை. அதைப் பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன், ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் எனக்கு.

அந்த நர்ஸ் மனுஷி. வெளுத்த விரிப்புகளை உள்ளே கொண்டுபோகும் வேலையை என் பக்கம் மாற்றிவிட்டாள். வாரத்தில் சில நாள் உள்ளே போகிறேன். முதல் நாள் அவர் என்னைப் பார்த்தார், விரிப்பை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். முடி காதை மூடிவிட்டது. யாராவது கத்தரியோடு வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். பகலெல்லாம் அழுக்கு விரிப்புகளை மூன்று மூன்றாக மூட்டை கட்டுகிறார். கட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துவிட்டு நகர்கிறார். நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி கட்டப் போனார்.

இப்போது புதுச் சங்கடம். அடுத்த மாதம் மருத்துவக் குழு வருகிறது. யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்க்கத்தான். இங்கே உள்ள டாக்டர் அவரைச் சுட்டிக்காட்டிப் பெருமையாகச் சொல்கிறார். “கை நடுங்கல, வேலை சுத்தமா இருக்கு. பேச்சு வரலேன்னா என்ன? வண்டி ஓட்ட வாய் எதுக்கு?” அந்த மூட்டைகளையே சாட்சியாகக் காட்டப்போகிறார்களாம். எந்தக் கட்டால் நான் அவரைக் கண்டுபிடித்தேனோ, அதே கட்டால் அவரை மறுபடி அந்தப் பாதைக்கு இழுத்துப் போகப்போகிறார்கள்.

விரிப்பு மாற்றுகிற சாக்கில் குனிந்து அவர் காதில் சொன்னேன். “கட்டாதீங்க. அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் கட்டாதீங்க. கட்டினா கூட்டிட்டுப் போயிடுவாங்க.” கேட்டதா, புரிந்ததா, தெரியவில்லை. அவர் கயிற்றை நீவிக்கொண்டே இருந்தார்.

குட்டிக்குச் சொல்லவில்லை. மாமியாருக்குச் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உங்கள் மேலதிகாரியின் வம்சத்தையே சபித்தார். அப்படி ஒரு வசவை நான் கேட்டதே இல்லை, மனசுக்கு இதமாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். மாமாவின் கை ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும் என்று இங்கிருந்து வேண்டிக்கொள்கிறேன்.

மேலதிகாரிக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். பாதையைத் திறந்து வைத்ததற்காம். பதக்கம் வாங்கப் போகும் முன் சவரத்துக்கு என் பெட்டியில் வந்து உட்கார்ந்தார். நுரை போட்டு, கத்தியைத் தொண்டைக்குக் கீழே வைத்தபோது, “உன் மாமா எப்ப திரும்புவான்? டிரைவர் பத்தல” என்றார். அக்கா, என் கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் முடித்து, படிகாரம் தேய்த்து அனுப்பிவிட்டேன். அப்புறம் போய் அந்த விரிசல் கண்ணாடியைக் கல்லில் அடித்து உடைத்தேன்.

நேற்று புதிதாக வந்த ஒருவன் உட்கார்ந்து, மிச்சம் வைக்கச் சொன்னான். முடியாது என்று விரட்டிவிட்டேன். ஒரு கொத்து முடி ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப வைத்தது நான்தான், கருவி கேட்டுச் சண்டை போட வேண்டியவர்கள் காதைத் தடவிக்கொண்டு கிளம்பினார்கள். இனி அந்தப் பேச்சே கிடையாது.

இன்னொன்று. ஆள் குறைந்துவிட்டதால் சமையல்காரனுக்கும் எனக்கும் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முன்னரங்கு. விடுப்புக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வராத ‘அடுத்த மாசம்’ இதற்கு மட்டும் கூப்பிடாமலே வந்துவிட்டது. அம்மா இல்லாத எனக்கு நீதான் அம்மா. உன்னிடம் மறைத்து ஒரு தடவை பட்டது போதும், அதனால் எழுதிவிட்டேன்.

கத்தரியும் கத்தியும் துருப்பிடிக்கின்றன. முடிந்தால் கொஞ்சம் எண்ணெயும் படிகாரமும் டிரைவரிடம் கொடுத்துவிடு.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான்கு பேரும் சுகம். ஆமாம், நான்கு பேர்.

குழு வந்த அன்று என்னை உள்ளே விடவில்லை. சலவைக்கூடத்தில் கொதிகலன் பக்கத்தில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை தள்ளுவண்டியில் வந்தது. வரும்போதே பாதி விரிப்புகள் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தன. கட்டே இல்லை. கயிறு சும்மா மேலே கிடந்தது. மேற்பார்வைக்காரி, எவன் இப்படி அனுப்பினான் என்று கத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து அந்த அழுக்கு விரிப்புகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் நான் சொன்னதைக் கேட்டுச் செய்தாரா, அல்லது அன்று கையே ஓயாமல் நடுங்கியதா என்று இன்று வரை தெரியவில்லை. குழுவின் முன் கயிற்றை வைத்துக் கட்டிக் காட்டச் சொன்னார்களாம். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். ‘பணிக்கு உதவாதவர்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதரை வாங்கிக்கொண்டு போய், உதவாதவர் என்று சீட்டு ஒட்டித் திருப்பித் தருகிறார்கள், நான் அதற்குக் கும்பிடு போட்டு வாங்கி வருகிறேன். அந்தக் கும்பிட்டை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

குட்டி முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்புறம் கிட்டே வந்து தன் கோணல் பல்லைக் காட்டினாள். அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். குட்டி அவரை எப்படிப் பார்க்கக் கூடாதென்று நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு செய்தீர்களோ, அவள் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு முடி நிறைய இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

நேற்று உனக்கு அனுப்ப எண்ணெய், படிகாரம், இரண்டு ஜோடி காலுறை, துணியில் வைத்திருந்தேன். கயிறு தேடி உள்ளே போய்விட்டு வருவதற்குள் அவர் கட்டி முடித்திருந்தார். நுனி இடப்பக்கம், உள்ளே ஒரு மடிப்பு. டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், வழியில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று. உன் கையில் கத்தரி இருக்கிறதே என்று வெட்டிவிடாதே. நுனியைப் பிடித்துச் சுண்டு, அவிழும்.

இன்று காலையில் அவராகவே என் கத்தரியை எடுத்து வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கு வெட்டத் தெரியாது, எலி கடித்த மாதிரிதான் வெட்டினேன். குட்டி சிரித்தாள். இடது பக்கம் முடித்து, வலது காதுக்குப் பின்னால் போனபோது அவர் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. தம்பி, எத்தனை மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன் தெரியுமா.

“அத விடு. மச்சான் வந்து எடுக்கட்டும்.”

நீ இனி அந்தப் பேச்சே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். ஒரு கொத்து முடி யாரையும் காப்பாற்றாது என்று எனக்கும் தெரியும். அதனால் இதோடு சேர்த்துச் சொல்கிறேன், கருவி கொடுக்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதே, கத்து, சண்டை போடு, கோழை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ஆனாலும் நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். உன் மாமா காதுக்குப் பின்னால் ஒரு கொத்தை வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். யாரையும் தொட விட மாட்டேன், அது உன் வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள். வந்து வெட்டு.

உன் அக்கா